பொட்டு அழியாமல் ஓடிய பிளாட்டர்

போன வாரம் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் சுவிட்சைப் பார்க்கப் போனேன். பெட்டிக் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை குப்பென்று அடித்தது. ஆயுத பூஜை முடிந்த கையோடு திருப்பூரில் எந்த மெஷின் பக்கம் போனாலும் இந்த வாசனைதான். அவ்வளவுதான், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் பார்த்த முதல் வேலைக்கே மனசு போய்விட்டது. அங்கே எனக்குப் பெயர் ‘கம்ப்யூட்டரம்மிணி’.

அந்த பனியன் கம்பெனியில் ஆபீஸ், கட்டிங், கேமரா மூன்றின் வயர்களும் வந்து சேர ஒரே சுவிட்ச். ஒரு கருவி கூப்பாடு போட்டால் எல்லாக் கருவிக்கும் கேட்கும். அந்தச் சந்தடியில் கட்டிங் பிளாட்டர் அடிக்கடி நின்றுவிடும். துணியில் எதை எங்கே வெட்டுவது என்று காகிதத்தில் வரைந்து தருவது அதுதான். அது நின்றால் கத்தியும் நிற்கும். முதலாளியிடம் மன்றாடி வி-லேன் போட்டேன். ஒன்றுமில்லை, ஆபீசுக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று சுவிட்சின் ஒவ்வொரு துளைக்கும் மூன்றில் ஒரு எண். ஒரே எண் உள்ளவை மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்; ஒரே பெட்டி மூன்று பெட்டி மாதிரி ஆகிவிடும். அடுத்த கட்டடத்தில் இன்னொரு சுவிட்ச் வைத்து அதற்கு ஒரே வயர் போட்டாலும் குழப்பமில்லை. வெட்டிய பீஸ் கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டுகிறோமே, அப்படித் தகவலும் தன் எண்ணை ஒட்டிக்கொண்டு போகும்.

“பொட்டி ஒண்ணுதானுங்களே இருக்குது, மூணுங்கறீங்க?” என்றார் முதலாளி. நம்பவில்லை மனுஷன்.

கட்டிங் மாஸ்டர் பெரிய பக்திமான். பூஜைக்கு மெஷின், கத்திரி எல்லாம் துடைத்தவர் என் சுவிட்சை மட்டும் விடுவாரா? வயர்களைப் பிடுங்கி, பஞ்சுத் தூசியை ஊதி, மறுபடி அழகாகச் செருகி, வயரோடு சேர்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். செருகிய வரிசை அவருடைய சொந்த வரிசை! லீவு முடிந்து வந்தால், வரைபடம் அனுப்பும் கம்ப்யூட்டர் கேமரா எண்ணில், பிளாட்டர் ஆபீஸ் எண்ணில். இரண்டும் பேசவே இல்லை.

அன்று மத்தியானம் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் முதல் கட்டிங்கைப் பார்க்க வருகிறார். முதலாளி குரலை உயர்த்தவில்லை. “அவரு வர்றதுக்குள்ள ஓடலீன்னா அந்த நெம்பரையெல்லாம் அழிச்சுப்போடுங்க. நீங்களும் வேற எடம் பாத்துக்குங்க.”

வயரைப் பிடுங்கப் போனேன். மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். “பூச போட்டதுங்க அம்மிணி! பொட்டு அழியக் கூடாதுங்க.”

வந்த ஆத்திரத்தில் அவரைக் கடித்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது. வயர் எந்தத் துளையில் இருந்தால் என்ன, எண் என் கையில் அல்லவா இருக்கிறது! லேப்டாப்பை மாட்டி, எந்தத் துளையில் யார் இருக்கிறார்கள் என்று சுவிட்சையே கேட்டேன். வரிசையாகச் சொன்னது. துளை துளையாக எண்ணை மாற்றிக்கொண்டே வந்தேன்.

கர்ர்ரென்று பிளாட்டர் ஓடியது. கட்டிங் ஹால் முழுக்க ஒரே விசில். முதலாளி குனிந்து பொட்டையே பார்த்தார்.

“வயரத் தொடவே இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப மூணு இருக்கறது நெசந்தானுங்க அம்மிணி.”

வாசலில் பையரின் கார் வந்து நின்றது. அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இப்போதைய சுவிட்சுகள் செருகிய கருவியை அடையாளம் கண்டு தாங்களே எண் கொடுத்துவிடுகின்றன. எந்தத் துளையில் செருகினாலும் பிளாட்டர் ஓடுகிறது. அது ஓடியதற்காக இப்போது யாரும் விசிலடிப்பதில்லை.