மூன்றாவது மாடியில் கருநீலம்

பிரேமலதா தன் வீட்டு ஹாலுக்குக் கருநீலம் அடிக்கப்போகிறாள் என்றதும் முதலில் சண்டைக்கு வந்தவர் அவளுடைய தாய்மாமன். பெயர் அம்மாசி. அவருக்குத்தான் இருட்டு ஆகாதாம்.

வீடு மன்னார்புரத்தில், மூன்றாவது மாடியில், என் வீட்டுக்கு எதிர்க்கதவு. ஒரே ஒரு படுக்கையறை. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சமையலறையில்தான் நிற்க வேண்டும். புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, லோன் போட்டு, அவள் தன் பெயரில் வாங்கிய வீடு. அவளும் அம்மா பாப்பாயியும்தான் அதில் இருந்தார்கள்.

சின்ன வீட்டுக்கு அடர்ந்த நிறம் அடித்தால் குகை மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மாமாவின் கவலை அதுவல்ல. பிரேமலதா நல்ல கறுப்பு. பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், அந்தக் குடும்பத்தில் முதல் காரியமாகச் சுவருக்கு வெளிர் ரோஸ் அடித்துவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் பெண் கொஞ்சம் வெளுத்துத் தெரிவாளாம். கூடவே இரட்டை டியூப்லைட், முகத்தில் அப்பிய பவுடர். வந்தவர்களோ பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். வெளுத்த சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இன்னும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது இத்தனை வருஷத்தில் ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தத் தடவை மாப்பிள்ளைக்கு ஸ்ரீரங்கம். இளவரசன் என்று பெயர், பேங்கில் வேலை. போட்டோவைப் பார்த்துவிட்டு அவனே போன் செய்து பேசினான். அவன் போன் வந்தால் பிரேமலதா மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதனால்தான் எனக்கே பயம் வந்து, இந்த ஒரு தடவை ரோஸ் அடித்தால்தான் என்ன என்று கேட்டுப் பார்த்தேன்.

"பிடிச்சா, நான் இருக்கற மாதிரியே பிடிக்கட்டும்க்கா" என்றாள்.

மாமா அனுப்பிய பெயின்டர் ரோஸ் டப்பாவோடு வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, லீவு போட்டு, தானே ரோலரைப் பிடித்தாள். பாப்பாயி சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பஜ்ஜித் தட்டு என் கையில். பிரேமலதா பவுடர் போடவில்லை. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. இளவரசனும் கண்ணை எடுக்கவில்லை.

அவன் அம்மா சுவரைத்தான் பார்த்தார். வீடு இப்படி இருண்டு கிடந்தால் லட்சுமி எப்படி வருவாள், வெள்ளையடித்துவிடுங்கள், வருகிற முகூர்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பெண்ணும் தினம் ஏதாவது பூசிக் குளித்தால் நிறம் தேறிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிரேமலதா இளவரசனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

அவள் முகம் வாடிவிட்டது. நன்றாக வலித்திருக்கும். ஆனாலும் எழுந்து நின்றாள்.

"தினம் பெருமாளைக் கும்பிடுறீங்க. அவரும் கறுப்புதான். அவருக்கு யாரும் பவுடர் பூசலையே. சுவரும் இப்படித்தாங்க இருக்கும், நானும் இப்படித்தான் இருப்பேன். காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க."

குடிக்காமலே கிளம்பினார்கள். இனி இந்தப் படி ஏறமாட்டேன், இவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலையும் கிடையாது என்று சொல்லிவிட்டு மாமாவும் இறங்கினார். பாப்பாயி கதறப்போகிறாள் என்று நினைத்தேன். அவளும் மகள் நிறம்தான். சுவர்ப் பக்கம் வந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்னைப் பாக்க வந்தவங்களைப் பொழுது சாஞ்சப்புறம்தான் வரச் சொன்னாங்க" என்றாள். "உங்கப்பா என்னைப் பகல்ல பாத்ததே கல்யாணத்தன்னைக்குத்தான்."

பிறகு, உள் அறைக்கு அடிக்க அந்த நீலம் மிச்சம் இருக்கிறதா என்று மகளைக் கேட்டாள். இல்லை. மறுநாள் இன்னொரு டப்பா வந்தது. பிரேமலதா மேலே நின்று அடித்தாள், பாப்பாயி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.