தண்ணீரைக் கட்டத் தெரிந்த ஊர்

மண் ரோடு போடுவதென்றால் மண்ணைக் கொட்டுகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரை ஒழுங்காக வெளியே அனுப்புகிற வேலை. ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராகச் சேர்ந்த நாளிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான். ஐப்பசி மழையில் செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, சேற்றில் சிக்கிய டூவீலரைத் தள்ளிக்கொண்டு போன அனைவரும் என் சொந்தக்காரர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகிற பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே போக வேண்டும். ஊரிலிருந்து சரிவாக இறங்கிக் காலனியில் முடிகிறது ஒரு மண் ரோடு. காலனிக்கு வேறு வழி கிடையாது. அது அறுந்தால் ஆம்புலன்ஸ் உள்ளே வராது. தார் போடப்போவதாக வருஷாவருஷம் சொல்கிறார்கள், சொல்வதற்கென்ன.

அழகான கரை

சித்திரையில் அந்த ரோட்டுக்குக் கிராவல் கொட்டினோம். நடுவில் கொஞ்சம் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. விழுகிற மழை வழிந்து பக்கத்துக் கால்வாயில் இறங்கிவிட வேண்டும். அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் காலனிப் பெண்கள். நூறு நாள் வேலையில், கத்திரி வெயிலில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெட்டினார்கள்.

ஒரு மீட்டிங்குக்காக விழுப்புரம் போய்விட்டு மறுநாள் வந்து பார்க்கிறேன், ஜே.சி.பி. டிரைவர் மிச்ச மண்ணையெல்லாம் ரோட்டின் இரு ஓரங்களிலும் இழுத்து, வரப்பு மாதிரி நெடுகக் கரை பிடித்து வைத்திருக்கிறார். கோடு போட்டதுபோல அவ்வளவு நேர்த்தி. இனி தண்ணீர் எப்படிக் கால்வாய்க்குப் போகும்? ரோடேதான் கால்வாய். "யாரு உங்களை இதச் செய்யச் சொன்னது? மொதல்ல உடைச்சு விடுங்க" என்றதற்கு, பாராட்டை எதிர்பார்த்து நின்றவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் சொன்னார்: "நான் வெவசாயி வூட்டுப் புள்ள மேடம். கஷ்டப்பட்டுக் கரை கட்டியிருக்கேன், இருக்குற தண்ணிய வெளிய வுடுன்றீங்களே, நல்லாவா இருக்குது?"

சாமி போகிற வழி

கரையை உடைக்க வைத்தேன். ரோடு ஆடி மாதம் வரை ஒழுங்காக இருந்தது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழா. சாமியை வைத்து இழுக்கிற சகடை அந்த ரோட்டின் மேல்பாதியில், ஊருக்குள் மட்டும் சுற்றி வரும். நடுவில் மேடு இருந்தால் சகடை ஒரு பக்கம் சாய்கிறதாம். விழாக்குழுவினர் டிராக்டரைக் கொண்டுவந்து நடுமேட்டை வழித்து, ரோட்டைக் கேரம் போர்டு மாதிரி சமமாக்கிவிட்டார்கள்.

சமமான ரோட்டில் விழுகிற தண்ணீர் ஓரத்துக்குப் போகாது. ரோட்டின் மேலேயே ஓடி, சரிவில் வேகம் பிடித்து, கீழே காலனிப் பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். சாமி காலனிக்குப் போவதில்லை; தண்ணீரை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள். இதை நான் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். குழுத் தலைவர் விபூதித் தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "சாமி நேரா போவணும் மேடம். தண்ணி எப்பிடிப் போனா இன்னா?"

கடவு

இனி ஏகாம்பரம் கதை. காலனிக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில் அவருடைய மல்லாட்டைக் கொல்லை; நிலக்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். ஊரில் செல்வாக்கான மனிதர். ரோட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் கால்வாய் ஓடுவதால் டிராக்டர் இறங்கவில்லை என்று, கால்வாயை மண்ணைப் போட்டு மூடி ஒரு கடவு போட்டுக்கொண்டார். அந்த இடத்தோடு கால்வாய் செத்துப்போனது. காலனிப் பெண்கள் வெட்டிய கால்வாய்.

சண்டை போட்டேன். பிறகு, கடவும் இருக்கட்டும் தண்ணீரும் போகட்டும் என்று, ஒன்றிய அலுவலகப் பின்பக்கம் கிடந்த சிமெண்ட் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கடவுக்கு அடியில் பதித்தேன். சிக்கல் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். புரட்டாசியில் முதல் மழை பெய்தது. காலனியிலிருந்து அஞ்சலை போன் செய்தார். கால்வாய் வெட்டியதில் முன்னால் நின்ற பெண்மணி அவர். தண்ணீர் கடவுக்கு முன்னால் தேங்கி, ரோட்டின் மேல் ஏறிப் போகிறதாம். போய்ப் பார்த்தால், குழாய் வாயில் யூரியா சாக்கில் மண்ணை நிரப்பித் திணித்திருக்கிறது. குழாய் வழியாக வருகிற தண்ணீர் கொல்லைக்குள் கசிந்தால் மல்லாட்டை அழுகிவிடுமாம். சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப எடுத்துட்டுப் போங்க மேடம். நீங்க இன்னா தெனம் மழையில வந்து குந்திக்கினு இருக்கப் போறீங்களா?"

பருவத்துக்கு ஏற்ற பதில்

அன்றைக்கு அஞ்சலை என்னைச் சும்மா அனுப்பவில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய் மருமகளைக் காட்டினார். பெயர் செல்வி, நிறைமாசம். மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஐப்பசியில் குழந்தை பிறக்கும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசியில்தான் இந்த ரோடும் வருஷாவருஷம் அறுகிறது. "இவுளுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. ரோடு நிக்குமா, நிக்காதா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேராக எங்கள் இன்ஜினீயரிடம் போனேன். கடவை எடுத்துவிட்டு, குழாய்க்குப் பதிலாக அகலமான சிறுபாலம் ஒன்று உடனே கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு உயிர் போகும் என்று சொன்னேன். மேலே ஃபேன் நின்றுவிட்டதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். சித்திரையில் ரோடு போட்டபோதே இதே நாற்காலிக்கு முன்னால் நின்று, அந்தக் கொல்லைக்கு வண்டி இறங்க ஒரு சிறுபாலம் கேட்டிருந்தேன். அப்போது, காய்ந்து கிடக்கிற இடத்தில் பாலம் எதற்கு என்றார். இப்போது சொன்னார்: "மழை வரப்போற நேரத்துல எவனாவது மண்ணத் தோண்டுவானா? மழை விடட்டும் மேடம், பாத்துக்கலாம்."

ஆபத்பாந்தவன்

மழை விடவில்லை. ஐப்பசியில் விடாமல் கொட்டிய ஒரு காலையில் அஞ்சலை மறுபடி போன் செய்தார். செல்விக்கு வலி எடுத்துவிட்டது, நூற்றியெட்டு ஊருக்குள் வந்துவிட்டது, கடவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. நான் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ரோடு என்று ஒன்று அங்கே இல்லை. கடவுக்கு நேராக ரோட்டை அறுத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் திமுதிமுவென்று ஓடுகிறது. இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ். அந்தப் பக்கம் பெட்ஷீட்டில் செல்வியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர். நடுவில் இறங்கினால் இடுப்பளவு.

அப்போதுதான் ஏகாம்பரம் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். பெரிய சக்கரம் என்பதால் அந்தப் பள்ளத்தில் அதுதான் இறங்கியது. அந்தப் பக்கம் போய், டிரெய்லரில் செல்வியையும் அஞ்சலையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வண்டி பள்ளத்தில் குலுங்கி ஏறுவதற்குள், தார்ப்பாய்க்கு அடியில் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அது அழுத சத்தம் இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. செல்விக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, பொழுது சாயும்போதுதான் பிழைத்துக்கொள்வாள் என்று சொன்னார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் கடவில் இறங்கிக் குழாய்க்குள் கையை விட்டேன். அதே யூரியா சாக்கு. இந்தமுறை இரண்டு, மல்லாட்டைக் கொடி வைத்து நன்றாக இறுக்கியிருந்தது. சேறு சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏகாம்பரம் வாசலில் போட்டேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிஜமாகவே மனம் நொந்துபோய்ச் சொன்னார்: "நான் மட்டும் ஜல்தியா டிராக்டர எடுத்துக்கினு வராம போயிருந்தா, அந்தப் பொண்ணு கதி இன்னா ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாத்தீங்களா மேடம்?"

சால்வை

குடியரசு தினத்தன்று கிராம சபை. காலனியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். செல்வி ஓரமாக ஒரு நாற்காலியில், இன்னும் வெளுத்த முகத்தோடு, மடியில் குழந்தையுடன் உட்கார்ந்திருந்தாள். முதல் நிகழ்ச்சியே, மழை வெள்ளத்தில் தாயையும் சேயையும் காப்பாற்றிய ஏகாம்பரத்துக்குச் சால்வை போர்த்துவது. கைதட்டல் காதைப் பிளந்தது.

நான் எழுந்து, ரோட்டை அறுத்தது மழை இல்லை, அவர் குழாயில் அடைத்த சாக்கு என்றேன். அவர் பக்கத்து ஆட்கள் கூச்சல் போட்டார்கள். நல்ல நாளில் எதற்கு மேடம் பேஜாரு என்று கூட்டத் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. சிறுபாலத்துக்குத் தீர்மானம் போடுங்கள் என்றேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அப்போது அஞ்சலை பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஏகாம்பரத்தின் சால்வையை ஒரு ஓரத்தில் பிடித்து, துணிக்கடையில் பார்ப்பதுபோல நிமிண்டிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்லா கெட்டியாத்தான் இருக்குது. அடுத்த மழைக்கு இத எடுத்துக்கினு போயி அந்தப் பைப்புல சொருவிடாதீங்க."

வரப்பு கட்டுவதில் எங்கள் ஜனங்களை மிஞ்ச ஆளே கிடையாது, அதை எங்கே வெட்டிவிட வேண்டும் என்று கேட்டால்தான் யாருக்காவது சால்வை போர்த்திவிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள்.