விலாசம் கொடுக்காத டேபிள்

பயம் என்னோடு கூடப் பிறந்தது. கல்யாணமான பிறகு அதற்குத் தக்க காரணமும் கிடைத்துவிட்டது. என் கணவர் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். காலையில் அவர் வண்டி தெரு முனையில் திரும்பினால், சாயங்காலம் அதே சத்தம் கேட்கும் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

நான் விருதுநகரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே முதலாளி குடும்பம் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, மேலே நாங்கள். மூட்டை பிரிக்கிற நாளில் தும்மித் தும்மியே வேலை நடக்கும். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். குடும்பமே மண்டியில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டர் பின்னால் வந்தவர், கெட்டிக்காரர். வேகம்தான் அவருக்குப் பெரிய கௌரவம்.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்களுக்கு வந்த ஆர்டர், என் கணவர் வேலை பார்க்கிற அதே கம்பெனியுடையது. அங்கே ஒவ்வொருவருக்கும் எண் அடித்த தகர டோக்கன் உண்டு. ஆபத்துச் சங்கு ஊதினால் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து டோக்கனைக் கொடுக்க வேண்டும். காலையில் உள்ளே போன எண்களில் வராததைத் திரை காட்டும். அப்படி ஓர் எண் மிச்சமிருந்தால் உள்ளே போய்த் தேட வேண்டியவர் போர்மேன். அதாவது, நாங்கள் எழுதுகிற புரோகிராம் ஓர் எண்ணைத் தப்பாகக் காட்டினால், என் வீட்டுக்காரர் தீக்குள் போவார். ஆர்டர் கிடைத்ததற்குப் பாய் அல்வா வாங்கி வந்தார். என் பங்கைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

எண்ணைச் சட்டென்று தேட, பாய் முன்பே சி மொழியில் எழுதி வைத்திருந்த ஹாஷ் டேபிளை எடுத்துக்கொண்டோம். டோக்கன் எண்ணை ஒரு கணக்கில் போட்டால், மெமரியில் அது எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்று வந்துவிடும். தேடி அலைய வேண்டாம். கேட்டால் அந்தக் கட்டத்தின் விலாசத்தையே, பாயிண்டர் என்பார்களே அதை, கையில் கொடுத்துவிடும். நேராக அங்கே போய் எழுதிக்கொள்ளலாம். வேகம் என்றால் அம்புட்டு வேகம். ஆனால் அந்த மொழியில் நம்மைத் தடுக்க ஆள் கிடையாது. நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதினாலும் பெரும்பாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் கம்பெனியில் ஒத்திகை வைத்தார்கள். வாசல் ஆபீஸில் நான் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. சனம் ஓடிவந்தது. மல்லாங்கிணறு பக்கமிருந்து வேனில் வருகிற பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆளாளுக்கு வரிசையில் நிற்க மாட்டார்கள். ஒரு வேனுக்கு ஒரு அக்கா. எல்லார் டோக்கனையும் அவர் முந்தானையில் வாங்கி மொத்தமாக மேசையில் கொட்டுவார். அதற்கென்றே புரோகிராமில் ஒரு வழி வைத்திருந்தோம். முதலில் வேன் அக்காவின் எண், பிறகு மற்றவர்கள், கடைசியில் "எல்லாரும் வந்தாச்சு" என்று அவர் சொன்னதும் அவருக்கும் குறி.

எல்லாம் முடிந்தும் திரையில் ஓர் எண் மிச்சம் நின்றது. அது வேன் அக்காவின் எண். அவரோ என் மேசையில் முழங்கையை ஊன்றி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

ஆனால் என் கணவர் திரையைத்தான் பார்த்தார். நனைத்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார். நான் கத்திய கத்தலில் திரும்பினார்.

"ஒத்திகைதான புள்ள, எதுக்கு மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்று சிரித்தார்.

மறுநாள் பாயும் நானும் தேடினோம். ஒவ்வொன்றாக எண்ணை அடித்தால் சரியாக வந்தது. வேன் வழக்கப்படி மொத்தமாக அடித்தால் சில தடவை சரி, சில தடவை தப்பு. எப்போதும் தப்பாகவே வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பிறகுதான் பிடிபட்டது. வாசலில் அடிக்கிற எண்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர டேபிள் நிறையும். நிறைந்ததும் மெமரியில் பெரிய இடமாகப் பார்த்து எல்லாக் கட்டங்களையும் அங்கே மாற்றிக்கொள்ளும். வேன் அக்காவின் கட்டத்து விலாசத்தை நாங்கள் முதலிலேயே வாங்கிக் கையில் வைத்திருந்தோம். நடுவில் டேபிள் குடிமாறிவிட்டால், அவர் வெளியே வந்த குறி, யாருமில்லாத பழைய வீட்டில் போய் விழுந்துவிடும்.

"அந்த இடத்துல மட்டும் மறுபடியும் தேடிட்டு எழுதிரும்மா. முடிஞ்சுபோச்சு," என்றார் பாய்.

"நாளைக்கு வேற யாராச்சும் வேற இடத்துல இதே மாதிரி விலாசத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டா என்ன செய்வீக பாய்?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"நான் அரண்டவதான் பாய். உள்ள போறது எங்க வீட்டுக்காரரு."

அவர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

டேபிளை சி பிளஸ் பிளஸ்ஸில் கிளாஸ் என்கிற ஒரு கூட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். பழைய வேலைகள் எல்லாம் உள்ளேயே நடக்கும். வெளியிலிருந்து மூன்றுதான் செய்யலாம்: எண்ணைச் சேர்க்கலாம், எண் இருக்கிறதா என்று கேட்கலாம், வந்தாச்சு என்று குறிக்கச் சொல்லலாம். விலாசம் மட்டும் வெளியே போகாது. ஒவ்வொரு முறையும் எண்ணைக் கொடு, அந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறதோ அங்கே நானே எழுதுகிறேன், அவ்வளவுதான். வேண்டுமென்றே விலாசம் கேட்டு ஒரு வரி எழுதிப் பார்த்தேன். எழுதியதைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் முடியாது என்றது. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். பாய் வேகத்தைச் சோதித்துவிட்டு, "ஒரு தும்மலுக்குள்ள முடிஞ்சிருது. இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

ஆனாலும் பயம் போகவில்லை. சீசன் முழுக்க நான் அந்த வாசல் ஆபீஸிலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். பின்பக்கச் செட்டுக்குப் பின்னால், கழிவுத்தாள் குவித்திருந்த இடத்திலிருந்து புகை எழுந்தது. சங்கு ஊதியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வேன் அக்காக்கள் முந்தானையை அவிழ்த்துக் கொட்டினார்கள். அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். முடிந்தபோது திரையில் ஓர் எண் நின்றது, பின்பக்கச் செட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுடையது.

ஜன்னலுக்கு வெளியே என் கணவர், தோளில் ஈரச் சாக்கோடு.

"நெசமாவே உள்ள இருக்காகளா, இல்ல அன்னைக்கு மாதிரியா?"

கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடினேன். எங்கேயாவது நின்று வெற்றிலை மென்றுகொண்டிருக்க மாட்டாரா என்று தேடினேன். பழைய புரோகிராமாக இருந்தால், பொறுங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று அவரை நிறுத்தி வைத்திருக்கலாம். அந்த வழியை நானே அடைத்திருந்தேன்.

"உள்ளதான் இருக்காக," என்றேன்.

அவர் ஓடினார். புகைதான் தெரிந்தது. நான் எழுதியது தப்பாக இருக்கட்டும் என்று என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன்.

செட்டுக்குப் பின்னால் கால் பிசகி விழுந்து கிடந்திருக்கிறார் அந்தம்மா. இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். இவருக்கு முழங்கையில் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான். பின்பக்கத் தீயை மணல் போட்டு அமர்த்திவிட்டார்கள். அந்தம்மா டோக்கனை மேசையில் வைத்தார். நான் அடித்தேன். திரை காலியானது.

என் கணவர் மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்தார். என்னையே பார்த்தார்.

"அந்த நம்பர் பொய்யா இருந்துறக் கூடாதான்னு நெனச்சியா புள்ள?"

"ஆமா," என்றேன்.

பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்கும் அது கேட்டது. தனக்குக் குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீர்ச் செம்பை அவர் என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு," என்றார்.