பின் சீட்டுத் தூக்கம்

காரை விற்றவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். சாவியைக் கொடுக்கும் முன் பின்கதவைத் திறந்து காட்டினார்.

"அம்மா இந்த சீட்டுலதானுங்க போனாங்க. பழனியில சாமி பாத்துட்டுத் திரும்பி வரயில, படுத்த மேனிக்கே போயிட்டாங்க. வீட்டு வாசல்ல வந்து எழுப்புனா எந்திரிக்கலீங்க. சொல்லாம விக்க மனசு வரலீங்க."

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. என்னை ஓரமாக இழுத்துப்போய், "வேணாம், வேற வண்டி பாப்போம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முருகனைப் பார்த்துவிட்டு வரும் வழியில், வலி தெரியாமல் ஒரு உயிர் போயிருக்கிறது. இந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும்? "இது ராசியான வண்டி, பேசாம வாங்குங்க" என்றேன். பழைய பெட்ரோல் கார்தான், ஆனால் ஏசி நன்றாக வேலை செய்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியக்காலையில் பறித்த மொட்டை, வெயில் ஏறுவதற்குள் சந்தையில் சேர்க்க வேண்டும். சூடு பட்டால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். அதனால் பூவை ஈரச் சாக்கில் கட்டி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு ஓட்டுவேன். பாதிப் பின் சீட்டில் மூட்டை, மீதியில் ஒன்றாவது படிக்கும் என் மகள். சந்தையில் பூவை இறக்கிவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன்.

வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், இந்தக் கார் வந்ததிலிருந்து ஏறினதும் தூங்கிப்போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு தலை வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூட வாசலிலேயே வாந்தி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் செய்யாது, பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டு திரிவாள். நடிக்கிறாள் என்று திட்டினேன். என் வீட்டுக்காரர் பூ வாசம்தான் சேரவில்லை என்றார். "இம்புட்டுப் பூவோட அடைச்சு வச்சா பெரியாளுக்கே தலை சுத்தும்" என்று சொல்லி, தெருமண் எடுத்துச் சுற்றியும் போட்டார். எனக்கும் தலை கனத்தது. விடியக்காலையில் எழுவதால் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சந்தை வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. பூ வாடிவிடக் கூடாதென்று இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்கு ஊதுபத்தி காட்டுவது என் வழக்கம். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து அங்கேயும் காட்டினேன். சீட்டுக்கு மேலே புகை நேராகப் போனது. மகளின் காலடிக்குக் கொண்டுபோனதும், கீழேயிருந்து யாரோ ஊதுவதைப் போல ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. கையை வைத்தேன். தரையில் விரித்திருந்த மிதியடி ஓரத்திலிருந்து சூடாக மூச்சு வந்தது.

மகளை எழுப்பினேன். எழவில்லை. கன்னத்தில் தட்டினேன், தலை சரிந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பழனியிலிருந்து திரும்பிய அந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. மகளை அள்ளிக்கொண்டு, வண்டியையும் பூவையும் நடு ரோட்டில் விட்டுவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து முனகினாள், அப்புறம் தண்ணீர் கேட்டாள். அதுவரை முருகனைக் கெஞ்சியதைப் போல நான் யாரையும் கெஞ்சியதில்லை.

மறுவாரம் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு வண்டியைத் திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மகள் என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றாள், எனக்கும் இறக்கிவிட மனம் இல்லை. மிதியடியைத் தூக்கினால் தரையில் துரு அரித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அடியில் போகும் புகைக் குழாயில் எங்கே உடைப்பு என்று வெளியே தெரியவில்லை. மெக்கானிக் பின்பக்கக் குழாய் வாயை ஈரச் சாக்கால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எங்கள் பூச்சாக்குதான், என் வீட்டுக்காரர் பிடித்தார். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் குழாய் நெடுக சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தார். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு இணைப்பில் நுரை பொங்கியது.

"இது நேத்து இன்னைக்கு வந்ததில்லக்கா. சுத்தி எம்புட்டுக் கரி ஏறியிருக்கு பாருங்க. வருசக்கணக்கா இருக்கும்."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழாயை மாற்றித் தரையையும் தகடு வைத்து அடைத்தார்கள். வீடு வந்து சேரும் வரை மகள் பேசிக்கொண்டே வந்தாள். இரவு சாப்பிடும்போதுதான் என் வீட்டுக்காரர், "வண்டி வித்தவருகிட்ட சொல்லணுமா?" என்றார். சொல்லி யாரைத் திரும்பக் கொண்டுவரப்போகிறோம், வேண்டாம் என்றேன்.

தை பிறந்து ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய பூ.

"அம்மாவுக்கு இன்னைக்குத் திதிங்க. தப்பா நெனைக்காதீங்க, அந்த சீட்டுல இத்தனூண்டு பூ வச்சுட்டுப் போயிடறனுங்க. அவங்க குடுத்து வச்சவங்க. வலியே தெரியலீங்க பாருங்க."

"ஆமாங்க" என்றேன்.

பூவை வைத்துக் கும்பிட்டார். என் மகள் அவருக்கு முன்னால் ஏறி, பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் சிரித்து, "ஏங்கண்ணு, இதுல உக்காந்தா உனக்கும் நல்லாத் தூக்கம் வருதா?" என்றார்.

"இப்ப வரல மாமா. முன்னாடி வரும். எந்திரிக்கவே முடியாது. கீழ ஓட்ட இருந்துச்சு, அதுல புகை வந்துச்சு. அம்மா அடைச்சுட்டாங்க."

அவர் கை கும்பிட்டபடியே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார். மறுத்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போல.

"எந்த எடத்துலங்க?" என்றார்.

நான் குனிந்து மிதியடியைத் தூக்கினேன்.