தாம்பூலத்தோடு கொடுத்த டிஸ்க்

டெக்சாஸ் மாநிலத்துக் காப்பெலில் எங்கள் எதிர்வீட்டுக்காரியும் நானும் சிநேகிதமானது ஒரு வீடியோ கேமால்தான் என்று சொன்னால், ஈரோட்டில் இருக்கும் என் அக்கா இன்றைக்கும் நம்புவதில்லை. நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், வாரம் முழுக்க ஆபீஸ் மீட்டிங்கில் நல்ல பிள்ளையாகப் பேசுகிறவர்கள், சனிக்கிழமை மதியமானால் டிவி முன்னால் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்வார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? லலிதா சகஸ்ரநாமம் சேர்ந்து படித்தோம் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது இதுதான்.

அது ஒரு சமையல் விளையாட்டு. திரையில் ஒரு சமையலறை. வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் சோறு வடிக்க, கையில் வேலையில்லாதவர் தட்டுக் கழுவ வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சோற்றை அடுப்பில் மறந்தால் தீயும், அதையும் கவனிக்காவிட்டால் சமையலறையே பற்றி எரியும். என் மகளுக்காக வாங்கிய டிஸ்க் அது. அவளுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோலோடு சேர்ந்து டிஸ்க்கும் தூசி படிந்து கிடந்தது.

ஒரு சனிக்கிழமை இட்லி மாவு கேட்டு எதிர்வீட்டுக்காரி வந்தாள். அவள் மதுரை. அதுவரைக்கும் எங்களுக்குள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கை காட்டுகிற அளவுதான் பழக்கம். தூசி தட்டுகிறேன் என்று அந்த விளையாட்டைப் போட்டு நான் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

"இதென்ன கொடுமை? வீட்லயும் சமையல், டிவியிலயும் சமையலா?" என்றாள்.

இன்னொரு கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். மாவை வாங்காமல் உட்கார்ந்தவள், அவள் கணவர் போன் செய்து "மாவு வாங்கப் போனியா, ஆட்டப் போனியா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

அதன் பிறகு டிஸ்க் இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. அவர்கள் வீட்டிலும் ஒரு கன்சோல் இருந்தது. எங்கள் வீட்டில் சேர்ந்து விளையாடுவோம், நடுவாரத்தில் அவள் எடுத்துக்கொண்டு போய்த் தனியாகப் பழகுவாள், வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுப்பாள். ஆனால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டல்லவா, பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரமாட்டோம். அதை அவள் டிஸ்க் பெட்டிக்கும் விடவில்லை. பெட்டிக்கு மேல் ஒரு ஜிப்லாக் பையில் பருப்புப் பொடி வரும். தட்டை வரும். கொல்லையில் அவள் தொட்டியில் வளர்த்த முருங்கைக்கீரை வரும். பதிலுக்கு நானும் எள்ளுருண்டை வைத்து அனுப்புவேன். ஒருமுறை அவள் கறிவேப்பிலையைப் பெட்டிக்கு உள்ளேயே செருகி அனுப்பிவிட்டாள். என் கணவர் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, டிஸ்க்குக்குத் தாளிச்சு அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டு, கண்ணாடி துடைக்கும் துணியால் ரொம்ப மரியாதையாகத் துடைத்துப் போட்டார். டிஸ்க் ஓடியது. கொஞ்ச நாளைக்குப் பெட்டியைத் திறந்தால் ரச வாசம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவள் கணவருக்குக் கலிஃபோர்னியாவில் வேலை மாறியது. பிளசன்டனில் வீடு பார்த்துவிட்டார்கள்.

எனக்கு வருத்தத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் நிறையப் பேருக்கு டாட்டா காட்டியிருக்கிறேன். எல்லாரும் கட்டிப்பிடித்து, வாரா வாரம் பேசலாம் என்றுதான் சொல்வார்கள். வாரம் மாதமாகும், மாதம் பிறந்தநாளாகும், கடைசியில் தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். அதைப் பார்க்கும்போது ஒரு மனுஷி தொலைந்துபோனது தெரியும். இவளையும் அப்படித் தொலைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதையும் அந்த வருடத்தில் நான் அவ்வளவு ஆசையாக வேண்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும் நாளில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்துத் தாம்பூலம் கொடுத்தேன். ரவிக்கைத் துணிக்கு அடியில் அந்த டிஸ்க்கை வைத்திருந்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தவள் என்னை முறைத்தாள்.

"லூசாடி நீ? இது உன் டிஸ்க்."

"தாம்பூலத்துல வெச்சுக் குடுத்ததைத் திருப்பித் தரக்கூடாது. எடுத்துட்டுப் போ. அங்க போயி விளையாடு, அப்பவாச்சும் என்ற நெனப்பு வரும்."

அவள் அழுதாள், நானும் அழுதேன். எங்கள் கணவர்கள் இருவரும் லாரியில் ஏறும் சோபாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிளசன்டன் போய்ச் சேர்ந்து சாமான்களைப் பிரித்த பிறகு அவளிடமிருந்து வீடியோ கால் வந்தது. மடியில் புத்தம் புதிய கன்சோலை வைத்து, முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இதுல ஓட்டையே இல்லடி."

"என்ன ஓட்டை?"

"டிஸ்க் போடுற ஓட்டைதான். பழசைக் கிளம்பும்போதே யாருக்கோ குடுத்துட்டாரு. புதுசு வாங்கியிருக்காரு, சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், எங்கயும் இல்ல. கேட்டா, இப்பல்லாம் எல்லாமே டவுன்லோடுதான்ங்கிறாரு."

மங்கலகரமாக நான் கொடுத்த டிஸ்க் அங்கே பூஜை அலமாரியில்தான் இடம்பிடித்தது. அவள் அதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். நான் போட்ட கணக்கு முதல் வாரத்திலேயே தப்பிவிட்டது.

சும்மா விடுவேனா? அன்றைக்கே அதே விளையாட்டை டவுன்லோடாக என் ஆன்லைன் கணக்கில் வாங்கினேன். பாஸ்வேர்டை அவளுக்கு அனுப்பினேன். இருவரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேர் மூளையிலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு பெரிய கிரைண்டர்தான் உண்டு, அது வீடு வீடாகப் போகும். ஒரே கொலுப்படி இரண்டு வீட்டு நவராத்திரியைப் பார்க்கும். சினிமா பார்க்கிற பாஸ்வேர்டு யாருடையது என்று யாருக்கும் நினைவில்லை. ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

என் மகள்தான் எச்சரித்தாள். ஹைஸ்கூல் படிக்கிறாள், நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். "அம்மா, யு டோன்ட் ஓன் இட். இட்ஸ் ஜஸ்ட் எ லைசென்ஸ்."

"கார் ஓட்டத்தான் லைசென்ஸ் வேணும். சோறு வடிக்கறதுக்கு எதுக்கு?" என்றேன். அவள் கண்ணை உருட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் என்று பேசிவைத்திருந்தோம். எனக்குச் சாப்பாடு முடிந்த நேரம், அவளுக்கு அப்போதுதான் உலை வைக்கிற நேரம். நான் விளையாட்டுக்குள்ளே போய்த் தக்காளி நறுக்க ஆரம்பித்தேன். திடீரென்று விளையாட்டு நின்றது. உங்கள் கணக்கு வேறொரு கன்சோலில் பயன்படுத்தப்படுகிறது என்று அறிவிப்பு. எவனோ திருடன் என் கணக்குக்குள் நுழைந்துவிட்டான் என்று பதறி மறுபடி உள்ளே போனேன். போன் அடித்தது.

"ஏய், யாரோ என்னைய வெளிய தள்ளிட்டாங்கடி. நீ பத்திரமா இருக்கியா?"

அந்தத் திருடன் யார் என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விதி ரொம்ப எளிது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் விளையாடலாம். கடைசியில் நுழைந்தவர் உள்ளே, ஏற்கெனவே இருந்தவர் வெளியே. அவள் வந்தால் நான் போக வேண்டும், நான் வந்தால் அவள் போக வேண்டும். முதலில் "நீ விளையாடு", "பரவால்ல, நீ விளையாடு" என்று பந்தியில் உபசரிப்பதுபோல விட்டுக்கொடுத்தோம். அந்த நாகரிகம் அன்றைய சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டிஸ்க் தெருவைக் கடந்து நூறு தடவை போயிருக்கும், வந்திருக்கும். யாரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. இப்போது காசு கொடுத்து வாங்கியதும் நான், வெளியே நிற்பதும் நான். கடையில் வாங்கிய அரிசியில் ஒரு டம்ளரை எதிர்வீட்டுக்குக் கொடுத்தால், கடைக்காரன் பின்னாலேயே வந்து சமையல்கட்டில் நின்றுகொண்டு, அவர்கள் உலை வைத்திருக்கிறார்கள், உங்கள் அடுப்பை அணையுங்கள் என்பானா? இதை என் கணவரிடம் காலை, மாலை இரு வேளையும் சொன்னேன். பாவம், அவர் அந்த விளையாட்டைச் செய்தவரில்லை.

ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு நல்லது நடந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த நாள், உனக்கு அந்த நாள் என்று முறை பிரித்துக்கொண்டோம். இருவருமே அதை மதிக்கவில்லை. புதன்கிழமை நான் நிம்மதியாகத் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பேன், பொசுக்கென்று திரை நிற்கும். உடனே போனை எடுத்து, "ஏண்டி, இன்னைக்கு யார் முறை?" என்று ஆரம்பிப்பேன். சண்டை இரண்டு நிமிடம்தான் ஓடும். அப்புறம் அவள் புது வீட்டுக் குழாய் ஒழுகுவது, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் புல் வெட்டாமல் போட்டிருப்பது, என் மேனேஜரின் அசட்டுத்தனம் என்று பேச்சு ஊர் சுற்றும்.

"இங்க எல்லாரும் நல்லவங்கதான்டி. ஆனா டெக்ஸ்ட் பண்ணாம யாரும் பெல் அடிக்க மாட்டேங்கிறாங்க. நீதான் சொல்லாமக் கொள்ளாம வந்து தள்ளிவிடுற" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு ஏறிய குஷியைச் சொல்லி மாளாது. அதற்குப் பிறகு அவள் விளையாடும் நேரம் பார்த்தே வேண்டுமென்று உள்ளே நுழைய ஆரம்பித்தேன். போன் அடிக்கும். நான் ஒன்றும் தெரியாதவள்போல எடுப்பேன்.

கோடை விடுமுறை முடியும் சமயம், அது நின்றுபோனது. நான் விளையாடினேன், யாரும் தள்ளவில்லை. ஒரு முழு ஆட்டத்தையும் இடைஞ்சலில்லாமல் முடித்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சோற்றைத் தீயவிட்டு, எரிகிற சமையலறையைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுக்க முடியாமல் நானே போன் செய்தேன்.

"ஆங், சொல்லுடி. டிரைவ் பண்ணிட்டிருக்கேன்" என்றாள்.

"விளையாடறதே இல்லயா?"

"விளையாடுறேனே. நான் எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டேன். உன் கணக்குக்கு இனிமே வர மாட்டேன், நீ…"

"ஓ, தனிக்குடித்தனமா? சரி, நல்லா இரு" என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்தது. ஆனால் அன்றைக்கு வந்தது கோபமில்லை. அவளுக்கென்று ஒன்று, எனக்கென்று ஒன்று. இனி அவள் என்னைத் தள்ள வேண்டாம், நான் திட்ட வேண்டாம், போன் அடிக்கக் காரணமே இல்லை. மாதம் பிறந்தநாளாகிற வேலை ஆரம்பித்துவிட்டது என்றுதான் தோன்றியது. அவள் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. இரண்டு நாள் சாம்பாரில் உப்பு தப்பியது. என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார், அவருக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவி முன்னாலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, யு காட் அன் இன்வைட்."

"யாருக்குக் கல்யாணம்?"

அவள் தன் ஹெட்செட்டை என் தலையில் மாட்டி, கன்ட்ரோலரைக் கையில் திணித்து, ஒரு பொத்தானை அவளே அமுக்கினாள். திரையில் எங்கள் சமையலறை திறந்தது. என் சமையல்காரன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான். எதிர்ப்பக்கத்து மேடையில் இன்னொரு சமையல்காரன் நின்று, என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? தட்டுக் கழுவு முதல்ல" என்றது காதுக்குள் மதுரைக் குரல்.

நான் இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கணும்னா, ஆளுக்கு ஒண்ணு வேணுமாம்டி. நமக்குத்தான் தெரியல. உன் மகதான் மெசேஜ் பண்ணுனா. நல்லாப் பழகிட்டு உன்னையக் கூப்பிடலாம்னு இருந்தேன். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தனிக்குடித்தனம், நல்லா இருன்னு போனை வச்சுட்ட."

திரும்பிப் பார்த்தேன். மகள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு என் துணிக்குவியலை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் தானாகத் துணி மடித்து நான் பார்த்ததில்லை.

ஆர்டர்கள் வந்து குவிந்தன. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி அவள்மேலேயே மோதினேன். அவள் நறுக்கிய காயை நான் குப்பையில் போட்டேன். சோறு தீய்ந்தது, அடுப்பு பற்றிக்கொண்டது, "அணைடி, அணைடி" என்று அவள் கத்த, நான் தவறான பொத்தானை அமுக்க, கடிகாரம் நின்றபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அவள் அங்கே சிரிக்க, நான் இங்கே சிரிக்க, வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து என் கணவர் இறங்கி வந்தார். "என்னாச்சும்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க, எதிர்வீட்டுக்காரி வந்திருக்கா" என்றேன்.