அவனுக்கு விரித்த ஈயத்தாள்

என் மனைவியின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து மகள் வந்தாள். அம்மாவுக்குப் பிடித்த ரவை கேக்கைச் செய்து படைக்க வேண்டுமென்றாள்.

"அவனைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்கப்பா. நான் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிட்டு வந்துர்றேன்."

அவன் என்றால் எங்கள் வீட்டு கேஸ் அவன், கேக் சுடும் அடுப்பு. பெயர் அப்படி அமைந்துவிட்டதால் என் மனைவி அதை ஓர் ஆளாகவே நடத்தினாள். "அவன் இன்னும் சூடாகல," "அவனுக்கு இன்னைக்குக் கோபம்" என்பாள். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை அதிபராக ஓய்வுபெற்று ஹட்டனில் குடியேறியபோது அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அது.

வெண்ணெய் வழிந்து அடித்தட்டில் கருகிப் பிடிக்கும். அவள் குனிந்து உட்கார்ந்து சுரண்டுவாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. என் புத்தகங்கள் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியின் உட்புறத்து ஈயத்தாளை உரித்தேன். பெயர்தான் ஈயம், அலுமினியம்தான் அது. ஓரம்கூடத் தெரியாமல் அடித்தட்டு முழுக்க விரித்தேன்.

"இனிமே தேய்க்கவே வேணாம். தாளை மாத்துனாப் போதும்," என்றேன். அவளுக்கும் சந்தோஷம்.

அதன் பிறகு கேக் சரியாக வரவில்லை. ஓரம் கருகும், நடு வேகாது, புகை வாடை வேறு. ரவையை மாற்றினாள், வெண்ணெயை மாற்றினாள். ஒருநாள் கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்னாங்க, அவனுக்கு மூச்சு முட்டுது போல."

"எவனுக்கு?" என்றேன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

"உங்களுக்கில்ல. நீங்க நல்லாத்தான் மூச்சு விடுறீங்க," என்று சிரித்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். "அவன் மேல பழி போடாத. உனக்குத்தான் கை போயிருச்சு," என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பேக்கரியில் கேக் வாங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "கை போனவ செஞ்சா யாரு திம்பாங்க," என்றாள். பிறகு அவள் கேக் செய்யவே இல்லை. வயதாகிவிட்டது என்று நானும் நம்பினேன்.

மகள் டவுனுக்குப் போனதும் சிலிண்டரை மூடினேன். கம்பித் தட்டுகளை அப்பச்சோடா கரைத்த சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். அடியில் ஈயத்தாள் ஒட்டிக் கிடந்தது. கத்தியால் நெம்பி உரித்தேன். தட்டின் ஓரங்களில் வரிசையாகத் துளைகள் இருந்தன, காற்றும் சூடும் போய்வருவதற்கு. ஒன்று விடாமல் அடைத்திருந்தேன். தட்டைத் தூக்கினால் பர்னர் முழுக்கக் கரி.

நெருப்புக்குக் காற்று வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறகு கரியைத் துலக்கி, எல்லாம் காய்ந்ததும் பற்றவைத்தேன். சுவாலை நீலமாக எரிந்தது.

மகள் செய்த கேக் பொன்னிறமாக எழும்பியது.

"அம்மா கை மாதிரியே வந்திருக்குப்பா. கடைசியில அவங்களுக்குத்தான் என்னமோ கை வராமப் போச்சு," என்று ஒரு துண்டை வெட்டித் தட்டில் தந்தாள். "அம்மா படத்துக்கு முன்னால வைங்க."

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மாவுக்குக் கை போகல. அவனுக்கு மூச்சு முட்டுதுன்னு அவ அன்னைக்கே சொன்னா," என்றேன்.

"எவனுக்குப்பா?" என்று மகள் சிரித்தாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குக் காட்ட, குப்பைக்கூடையிலிருந்து அந்த ஈயத்தாளை எடுத்துவரப் போனேன்.