உயிரோடு இருந்தவனுக்குக் கருமாதி

என் தம்பிக்குக் கருமாதி செய்யச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அம்மா மேலோ என் வீட்டுக்காரர் மேலோ யாரும் பழி போட வேண்டாம்.

ஜப்பான்காரன் அவனை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. கடுதாசி கிடையாது. மலாக்காவில் காஜா பெராங்கில், செட்டிக் கம்போங் என்கிற குடியிருப்பை ஒட்டிய பலகை வீடு ஒன்றின் பின்பக்கத்தில் எங்கள் குடித்தனம். அரிசிப் பங்கீடு பேருக்குத்தான். மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அந்தப் பஞ்சத்திலும் அம்மா தினமும் அவன் பங்கை ஒரு தட்டில் எடுத்து மூடி வைப்பாள். மறுநாள் காலையில் அது புளித்துப்போய்க் கோழிக்குப் போகும். எனக்கு வயிறு பற்றி எரியும். பசி ஒரு பக்கம், அந்தத் தட்டைப் பார்க்கிற வேதனை ஒரு பக்கம்.

அப்படி இருக்கும்போதுதான் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். காலராக் கொட்டகையில் தம்பி பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தாராம். அந்தக் கொட்டகைக்குள் போனவன் எவனும் எழுந்து வந்ததில்லை என்றார். அம்மா நம்பவில்லை. நான் பிடிவாதமாக நின்றேன். செத்த நாள் தெரியாததால் ஓர் அமாவாசையாகப் பார்த்து, ஆற்றங்கரையில் என் வீட்டுக்காரர் மீசையை எடுத்துவிட்டு எள்ளும் தண்ணீரும் விட்டார். அப்பா இல்லாத வீட்டில் வேறு ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து அம்மா தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசுவதையும் முக்கால்வாசி நிறுத்திவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, வடக்கே கெடாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி கடைத்தெருவில் என் வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அங்கே சயாமியர்கள் குடியிருக்கும் ஒரு சிற்றூரில், புத்தர் கோயிலில், மலாக்காத் தமிழ்ப் பையன் ஒருவன் காவி கட்டிக்கொண்டு இருக்கிறானாம். இடது காதுமடல் கிழிந்திருக்குமாம். என் தம்பிக்குச் சின்ன வயதில் நாய் கடித்துக் கிழிந்த காது அது.

அம்மாவிடம் சொல்லவில்லை. பொய்யாகிப்போனால் அவள் பிள்ளையை இரண்டாவது தடவை பறிகொடுக்க வேண்டும். பினாங்கில் ஒரு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இருந்தால் கையோடு கூட்டிவந்து அவள் முன்னால் நிறுத்துவது என்பது என் திட்டம்.

மலாக்காவிலிருந்து தம்பின் என்கிற ஊருக்குப் போன தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்தெடுத்து அதே சயாம் பாதைக்குக் கொண்டுபோய்விட்டான். அதனால் தம்பின் வரைக்கும் சைக்கிள்தான். டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு திணித்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வழியில் கிடந்த ஒரு கல்லும் தப்பவில்லை.

"மேடு வருது. கொஞ்சம் எறங்கி நடக்கிறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கெழங்கு தின்னு வத்தலாப் போன என்னையே மிதிக்க முடியல. கல்யாணத்தப்ப இருந்த மாதிரி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கல்யாணத்தப்ப ரயில் இருந்துச்சு," என்றார் மூச்சு வாங்கியபடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி நடந்தேன்.

தம்பினில் சைக்கிளை ஒரு தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். சரக்குப் பெட்டி. விறகில் ஓடிய இன்ஜின், நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்தபோது கிளம்பும். கெடாவில் இருக்கிற அலோர் ஸ்டார் போய்ச் சேர நாலு நாள் ஆனது. அவித்த கிழங்கைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு, திறந்த கதவோரம் உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இப்படிப் பகல் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தது, அவ்வளவுதான்.

"அவனாவே இருந்தா, அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஆத்துல எள்ளு விட்ட கை இது," என்றார் ஒருநாள்.

"நீங்க எதுக்கு முழிக்கணும்? சொன்னது நானு," என்றேன்.

அலோர் ஸ்டாரிலிருந்து மாட்டுவண்டி. அந்த ஊருக்குள் நுழைந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. நாலைந்து பலகைக் கடைகள், சுற்றிலும் வயல், நடுவில் கோயில். ஒருத்தரும் உரக்கப் பேசவில்லை. கோயில் வாசலில் அரசமரத்தடியில் ஒருவன் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். தலைமயிர் இல்லை, புருவத்தைக்கூட மழித்திருந்தான். காதைப் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற சயாமியப் பெண்ணொருத்தி பதறிப்போய் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"காவி கட்டுனவங்களப் பொம்பளைங்க தொடக் கூடாதுக்கா," என்றான் தம்பி.

"ஒன்னைத் தொட நான் எவகிட்டக் கேக்கணும்?" என்று கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவனும் எதிரில் எட்டி உட்கார்ந்தான். காலராவில் பிழைத்து, முகாமிலிருந்து தப்பி, கோயில் கோயிலாக ஒளிந்து நடந்து இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னான். அவன் முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் நிமிரவில்லை.

"ஒனக்குக் கருமாதி பண்ணிட்டோம்டா," என்றேன். "மாமா மேல தப்பில்ல. நான்தான் பண்ணச் சொன்னேன்."

அவன் அரசமரத்து வேரோரம் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினான்.

"எங்க கொட்டகையில நாப்பது பேரு செத்தாங்கக்கா. ஜப்பான்காரன் மூங்கிலைப் போட்டு எரிச்சிட்டு மத்தவங்கள வேலைக்கு ஓட்டிருவான். ஒருத்தனுக்கும் ஒரு சொட்டுத் தண்ணி விட ஆளில்ல. எனக்கு மாமா விட்டத அவங்க வாங்கிக் குடிச்சிருப்பாங்க. நல்லதுதான் பண்ணியிருக்க."

"சரி, எந்திரி. வீட்டுக்குப் போலாம். அம்மா இருக்கு."

"வெளிய வந்தா மறுபடி புடிச்சுக்குவான். ஜப்பான்காரன் போனதும் வந்துருவேன்னு அம்மாகிட்டச் சொல்லு. அதுவரைக்கும் இங்க ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று நான் கேட்குமுன் உள்ளே போய் ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். செத்தவர்களை நினைத்து மரத்தடியில் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர்க் கோயில் வழக்கமாம். அவன் தினம் ஒருத்தன் பேரைச் சொல்லி ஊற்றுகிறானாம்.

"நாப்பது பேர் பேரும் தெரியுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பாதிப் பேரோட பேர் தெரியாது மாமா. அவங்களுக்கு 'தம்பி'ன்னு சொல்லி ஊத்துறேன். எங்கயாவது ஒரு அக்கா இருக்கும்ல."

அதற்குமேல் நான் அவனை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. என் கையில் நேராகக் கொடுக்கக் கூடாதென்று அவன் ஒரு துணியை விரித்துச் செம்பை அதன்மேல் வைத்தான். நான் அதிலிருந்து எடுத்து, பேர் தெரியாத எவளோ ஒருத்தியின் தம்பிக்காக வேரில் ஊற்றினேன்.